கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி

எழிலரசியின் தாத்தாவுக்கு, பேச்சியம்மாள் எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? இங்கே கோவில்பதாகைப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்கு ஒரு குறையுமில்லை. என்னை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனீர்களே, அதைத்தான் மறக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சபீனா டீச்சர், வகுப்புத் திரையில் இன்டர்நெட் வழியாக நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துப் பாடம் நடத்தினார். ஊர்ப் பேரைக் கொடுத்ததே நான்தான். துடைப்பத்தோடு உள்ளே போய் நின்று பார்த்தால், நம் பேத்தி எழிலரசி எண்ணெய் காணாத தலையோடு கடைசி பெஞ்சில் இருக்கிறாள். அவள் அம்மா படித்த காலத்தில் அவளையும் அங்கேதான் உட்காரவைத்தார்கள்.

டீச்சர், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றதும் அவள் எழுந்தாள்.

"அங்க நிக்கிற எங்க அம்மாச்சி எப்ப ஊருக்கு வரும்?"

இங்குள்ள பிள்ளைகள் சிரித்தார்கள். "இன்னா ஆயா, உன்னாண்டதான் கேக்குது, சொல்லேன்!" என்றாள் அவர்களில் ஒருத்தி, ஹேமாவதி. நான் வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

வரும் வெள்ளிக்கிழமையும் பாடம் உண்டு. எண்ணெய் தடவி, சடை பின்னி, அவளை முன்பெஞ்சில் உட்காரவையுங்கள். வாத்தியார் மறுத்தால் என் பேரைச் சொல்லுங்கள், அவள் அம்மா படித்த காலத்திலிருந்தே அவருக்கு என்னை நினைவிருக்கும். நான் பொங்கலுக்கு வருகிறேன். அதை நீங்கள் முந்திக்கொண்டு அவளிடம் சொல்லிவிடாதீர்கள், அவள் கேள்வி கேட்டது என்னிடம். மணி அடிக்கிறது, போகிறேன்.