கல்லூட்டுப் பல்லும் என் முடியும்

அக்கா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். நீங்கள் போன இடத்தில் நம் பாட்டன்மார் யாராவது கேட்டாலும் காட்டாதீர்கள். அந்தப் பல் அவர்களுடையதாகக்கூட இருக்கலாம்.

உங்கள் சீப்பு இப்போது என் கையில் இருக்கிறது. அதில் மூன்று முடி இன்னும் சிக்கியிருக்கிறது. தேங்காயெண்ணெய் வாசம் போகவில்லை.

காப்பித் தோட்டத்துக்கு மேலே, பலகைக் கற்களை நிறுத்தி ஒரு கல்லால் மூடிய அந்தப் பழங்காலப் புதைகுழி, கல்லூட்டின் முன்னால் நாம் மண்டியிட்டிருந்தோம். பெரியப்பா மகளான நீங்கள் ஒருவர்தான் நம் குடும்பத்தில் சென்னைக்குப் போய் ஆராய்ச்சி படித்தவர். ரப்பர் உறை போட்ட கையால் மண்ணிலிருந்து ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துக் குப்பியில் போட்டீர்கள். நம் ஆட்கள் காஞ்சிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்கிறார்களே, அப்படியானால் இதற்குள் படுத்திருந்தவர்கள் யார் என்று கேட்டேன். பல்லுக்குள் டி.என்.ஏ. கொஞ்சம் மிஞ்சியிருந்தால், நம்முடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றீர்கள். ஒன்றும் தெரியாமலும் போகலாம் என்றீர்கள்.

"கை படக்கூடாது கண்ணு. மூச்சுக்காத்துகூட ஆகாது. நீ தொட்டீன்னா, மெசினு உன்னையே உனக்குப் பாட்டின்னு சொல்லிப்போடும்."

நான் சிரித்தேன்.

காமாலையோடு சேலம் ஆஸ்பத்திரிக்கு இறங்கிய அன்று, குப்பியையும் சென்னை ஆய்வுக்கூட விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் என்னிடம் தந்தீர்கள். திரும்பி வரவில்லை. கல்லூட்டைக் கிளறியதால்தான் போய்விட்டீர்கள் என்று ஊர் பேசியது. பயத்தில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். குப்பியைத் திறந்து பல்லை மஞ்சள் தண்ணீரில் கழுவினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். அதற்கப்புறம்தான் என் வெறும் விரல்களைப் பார்த்தேன்.

மூன்று நாளாக அப்பா என்னை வெளியே விடவில்லை. அடிக்கவில்லை, அக்கா. அடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"எங்க வெச்சிருக்கறேன்னு சொல்லீரு சாமி. அமாவாசைக்குள்ள கல்லூட்டுலயே கொண்டுபோய் வெச்சரலாம். உன்னையும் பறிகுடுக்க என்னால ஆகாது."

அவர் முகத்தைப் பார்த்தே தெரியாது என்கிறேன். கொடுத்தால் உங்கள் கேள்வி மறுபடி மண்ணுக்குள் போய்விடும். அப்படியே அனுப்பினால் பல் என்னைத்தான் சொல்லும். உங்கள் பெயரில் ஒரு பொய் நிற்கும்.

நாளை பரீட்சை. அதற்கு மட்டும் வாழவந்தியிலிருந்து ஏற்காடு பஸ் ஏற விடுவார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில்தான் தபாலாபீஸ்.

சீப்பைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது. அன்று கல்லூட்டின் முன்னால் உங்கள் தலையிலிருந்தே இரண்டு முடியை வேரோடு பிடுங்கி, தனித் தாளில் மடித்து வைத்தீர்கள். கையுறை போட்டிருந்தும் எதற்கு என்று கேட்டேன்.

"கிட்டப் போனவங்க தன்னையும் குடுத்தரோணும் கண்ணு. அப்பத்தான் நம்மளைக் கழிச்சுட்டு மிச்சத்தைப் பாக்க முடியும்."

நானும் ஐந்து முடி வேரோடு பிடுங்கி மடித்து, உறைக்குள் உங்கள் தாளோடு வைத்துவிட்டேன். மடிப்பின் மேல் என் பெயரை எழுதி, கழுவியது, கண்ணில் ஒற்றியது, மஞ்சள், குங்குமம், ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். என்னைக் கழித்த பிறகு ஏதாவது மிஞ்சட்டும். சீப்பிலுள்ள உங்கள் மூன்று முடியை மட்டும் அனுப்ப மாட்டேன். அது என்னோடு இருக்கும்.

கதவு தட்டும் சத்தம். அப்பா.

"ஏஞ்சாமி, இன்னும் வெளக்கு எரியுது?"

உறையின் பசை இன்னும் காய…