ஆறாமல் கட்டிய கருவாடு

ஜனவரி 9

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. என் வாய் மட்டும் வழக்கம்போல நீளம். அங்கே நீ பேசி வைத்த கடைக்காரருக்கு மாதிரிக்கு நெத்திலிக் கருவாடு இன்று அனுப்பிவிட்டேன். வாடை வெளியே வரக்கூடாது என்றாராமே. கருவாடு விற்கிறவருக்குக் கருவாட்டு வாடை ஆகாதாம், என்ன செய்ய. வெயிலில் காய்ந்ததைக் களத்திலிருந்து அள்ளின கையோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் நானே ஒட்டினேன். எட்டாவதில் கோட்டை விட்டவனுக்கு இவ்வளவு மூளையா என்று எனக்கே சந்தேகம். உன் அம்மா, "கொஞ்சம் ஆறட்டுங்க" என்றாள். "மொதல்ல நீ ஆறு" என்றேன்.

இங்கே படகு கரை தொடும்போதே தீவனக் கம்பெனி லாரி வந்து நிற்கிறது. பொடிமீன் அத்தனையும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. உன் கடைக்காரர் ஆர்டர் கொடுத்தால் நாமும் கம்பெனி கொடுக்கிற விலைக்கு மீன் வாங்கலாம். இந்த மாதம் வரை பொறுக்கிறேன் என்று படகுக்காரர் சொல்லியிருக்கிறார். உன் அம்மாவோடு கருவாடு காயப்போடும் களத்துப் பெண்கள் எல்லாரும் உன்னைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

உன் அப்பா


ஜனவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கடைக்காரர் என் எதிரில்தான் பையைப் பிரித்தார். உள்ளே வேர்த்து, பூஞ்சை பிடித்துக் கிடந்தது. "இதையாம்மா விக்கச் சொல்றே?" என்றார். இனி அனுப்ப வேண்டாமாம். சூட்டோடு கட்டினீர்களா? அம்மா அப்படிக் கட்டமாட்டாளே.

உங்கள் மகள்


பிப்ரவரி 16

செல்லத்துக்கு,

சூட்டோடுதான் கட்டினேன். கருவாட்டுக்காரி புருஷனாக இத்தனை வருஷம் இருந்து, தின்னத்தான் கற்றிருக்கிறேன். உன் அம்மாவிடம் சொன்னேன். கரண்டி தொலைந்தாலே மூன்று நாள் திட்டுகிறவள், "சரி" என்றாள். திட்டியிருக்கலாம்.

படகுக்காரர் மீனைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. களத்துப் பெண்கள் இப்போது கம்பெனியில் மீன் வாருகிறார்கள், உன் அம்மாவும்தான். முதல் நாள், கை பழக்கத்தில், பெரியது சிறியது பிரித்து மண் போகக் கழுவ ஆரம்பித்தாளாம். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "அக்கா, இது மனுசங்க திங்கறதுக்கு இல்ல. வாரிப் போடுங்க" என்றானாம். "வாரிப் போட்டுட்டேன்" என்றாள் என்னிடம்.

தெருவில் கருவாடே கிடைப்பதில்லை. கையில் காசில்லாத நாளில் ஒரு துண்டைச் சுட்டு, அதை வைத்தே பானைச் சோற்றையும் தின்று முடித்த வீடுகள் இப்போது உப்பும் மிளகாயும் தொட்டுக்கொள்கின்றன. கோழியாகப் பிறந்திருந்தால் நமக்கும் மீன் கிடைத்திருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேறு கடை பார்க்கிறேன் என்று உன் அம்மாவுக்கு எழுதிவிடாதே. நம்பிவிடுவாள்.

உன் அப்பா