சுண்ணாம்புக்கு அடியில் பதினோரு பெயர்கள்

என் பிடிவாதம் தெரிந்த தோழிக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். உன்னிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது: பாரிவாக்கத்துக் கல்லறைகள் தப்பித்துவிட்டன!

பழைய போர்க்களத்தை ஒட்டிய அந்தப் பதினோரு வெள்ளைக்காரச் சிப்பாய்க் கல்லறைகளையும் வெறும் எல்லைக்கற்கள் என்று மனை போடுகிறவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இன்று காலை தாசில்தார் நேரில் வந்தார். என் வரைபடங்களைப் புரட்டிவிட்டு, "கல்லில் ஒரு பெயராவது இருக்கிறதா?" என்று கேட்டார். எல்லாக் கல்லிலும் சுண்ணாம்பு அப்பியிருந்தது. சுரண்டிப் பார்க்க ஊரார் என்னை விட்டதே இல்லை.

ஆடிதோறும் அவற்றுக்குச் சுண்ணாம்பு அடித்து, சுருட்டு வைத்துக் கும்பிடுகிற வேம்புலியம்மாள் முன்னால் வந்தாள். "இன்னா சார், எங்க தொரசாமிய பாத்து எல்லக்கல்லுன்றாங்கோ?" என்றவள், ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கொத்துக்கரண்டியால் தட்டினாள். சுண்ணாம்பு ஏடு ஏடாக உரிந்தது. உள்ளே நேற்றுச் செதுக்கியது போல எழுத்துகள்! பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி. தாசில்தார் பதினொன்றையும் உரக்கப் படித்தார். அங்கேயே மனை வேலையை நிறுத்திக் கையெழுத்துப் போட்டார்.

"சுண்ணாம்பு அட்ச்சா எழுத்து பூடும்னு கத்துனியே டீச்சரம்மா, மழயில வுட்டிருந்தா ஒண்ணாவது மிஞ்சிருக்குமா?" என்றாள் என்னிடம். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நாம் சண்டை போட்ட அன்று நீ சொன்னதும் அதுதான்: "அடிக்கட்டும் விடு, அவர்கள்தான் காப்பாற்றுகிறார்கள்." பதிலுக்கு நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

வரும் ஆடிக்குச் சுண்ணாம்பு அடிக்க எனக்கும் ஒரு மட்டை தருகிறார்கள். உனக்கும் ஒன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் பழைய அறைத்தோழி