என் முகத்தில் நீ பார்த்த ஸ்கோர்

என் செல்ல அண்ணா,

இன்று திங்கட்கிழமை, புது சீசன் தொடங்கிவிட்டது. மல்காஜ்கிரி வீட்டில் டிவிக்கு முன்னால் உன் நாற்காலி காலியாக இருக்கிறது. அப்பா உப்புமாத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று புரியாமலேயே மேட்ச் பார்க்கிறார்.

உனக்கு இந்தக் கிறுக்கு ஆபீஸில் ஒட்டிக்கொண்டது. நைட் ஷிப்டில் நீ போனில் பேசியதெல்லாம் ஒரே ஒரு அமெரிக்க ஊர்க்காரர்களோடு. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அவர்களுடைய ஃபுட்பால் டீம் நம் வீட்டு டீம் ஆகிவிட்டது. நாம் பிறப்பதற்கு முன்னால் வாங்கிய ஒரே ஒரு கோப்பை, அதற்கப்புறம் வரிசையாகத் தோல்வி. கோடே தெரியாமல் பனி கொட்டிய மேட்ச், கடைசி நொடியில் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிய மேட்ச் என்று நீ சொல்லிச் சொல்லி அம்மாவுக்கே மனப்பாடம். "அந்தக் கம்பத்த கொஞ்சம் தள்ளி நட்டிருக்கக் கூடாதாடா?" என்பாள்.

அங்கே ஞாயிறு மேட்ச் நடக்கும்போது இங்கே திங்கள் விடிந்துகொண்டிருக்கும், நீ ஷிப்டில் இருப்பாய். வீட்டுக்கு வந்து ரெக்கார்டிங் பார்க்கும்வரை யாரும் ஸ்கோர் சொல்லக் கூடாது, அது நம் வீட்டுச் சட்டம். நானோ போனில் பார்த்துத் தொலைத்திருப்பேன். "மூஞ்சிய காட்டாத, நக்கோ! உன் மூஞ்சியிலயே ஸ்கோர் ஓடுது" என்று கத்துவாய். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருது வார்த்தைதான் உன் வாயில் வரும்.

அரையிறுதி நடந்ததும் ஒரு திங்கட்கிழமை காலைதான். நீ ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் காத்திருந்தாய். உன் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். மறுபடியும் கடைசி நொடி, மறுபடியும் ஒரு உதை. இந்த முறை பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போனதை வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு ஓடி வந்தேன். உன்னைக் கூட்டிப்போக ஸ்ட்ரெச்சர் வந்து நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

நீ என் முகத்தைப் பார்த்தாய். "தோத்துட்டாங்களா? சரி விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

நான் வாயைத் திறந்தேன். "நக்கோ, ஸ்கோர் சொல்லாத. வீட்டுக்கு வந்து பாக்கறேன்" என்றாய். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நீ வீட்டுக்கு வரவில்லை.

சட்டமாவது மண்ணாவது என்று நான் கத்தியிருக்கக் கூடாதா? நான் அழுதது உனக்காக அண்ணா, டீமுக்காக இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமலேயே போய்விட்டாயா?

இறுதிப் போட்டியில் நம்மவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அதையும் மறைக்கவில்லை. அந்த அரையிறுதி ரெக்கார்டிங்கை மட்டும் அப்பா அழிக்க விடவில்லை. "அவன் இன்னும் பாக்கலம்மா" என்கிறார்.

இனி எல்லாத் திங்களும் உன் படத்துக்கு முன்னால் வந்து முதல் வேலையாக ஸ்கோரைச் சொல்லிவிடுவேன். நீ நக்கோ என்றாலும் கேட்க மாட்டேன். அன்றைக்கு விட்டதை இப்போதே சொல்கிறேன்.

ஜெயிச்சுட்டோம் அண்ணா.

எதையும் முகத்தில் மறைக்கத் தெரியாத
உன் தங்கை