பாதம் காட்டாதவர்கள்

ஃப்ரேஷால் தோட்டம், டோரோ நதிக்கரை
29 செப்டம்பர் 1998

அன்பு மகன் துவார்த்தேக்கு,

நெஞ்சுச் சளி குறைந்ததா? போர்ட்டோவில் ஈரம் அதிகம், கழுத்தை மூடிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், நீ அனுப்பிய உல்லாசப் பயணிகள் வந்து இறங்கியிருக்கிறார்கள். நம் வீட்டில் திராட்சை மிதிக்கக் கல்தொட்டிக்குள் இறங்குகிறவர் யாரானாலும், முதலில் எசமானியிடம் இரண்டு பாதத்தையும் தூக்கிக் காட்ட வேண்டும். எனக்குக் கல்யாணமான வருடம், விரலில் ஒரு வெட்டுக்காயம் இருந்ததென்று என் மாமியார் உன் அப்பாவையே திருப்பி அனுப்பினார்.

நான் திரும்பியபோது தொட்டிக்குள் ஒரே கும்மாளம். சாயம் பூசிய நகங்கள். மூக்கைத் துளைக்கும் வாசனைத் தைலம். ஒருவன் உள்ளே நின்றபடியே சிகரெட் பிடித்தான். மேஸ்திரி செஃபெரினோவைக் கேட்டேன்.

“கால் பாக்க வேணாம்னு சின்னய்யா சொல்லிட்டாரும்மா. அவங்க கூச்சப்படுவாங்களாம்.”

“கூச்சமா?” என்றாள் அவன் மனைவி. “அரை டவுசரோட கோயிலுக்குள்ளயே வந்த கூட்டம்யா அது!”

நேற்று, மேலே மிதந்த திராட்சைத் தோலைக் கிளறும்போது என் விரலில் ஏதோ ஒட்டிக்கொண்டது. யாரோ புண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி. சீழோடு. திரும்பத் திரும்பக் கை கழுவினேன்.

இந்த ஒயின் நம் பெயரில் வெளியே போகக் கூடாது. கொட்டச் சொல்லிவிடு.

உன் அம்மா,
லியோகாடியா

போர்ட்டோ
6 அக்டோபர் 1998

அன்புள்ள அம்மா,

உங்கள் கைகளுக்கு முத்தம். சளி தேவலை.

ஒரு பிளாஸ்திரிக்காகத் தொட்டி ஒயினையே கொட்டுவார்களா? வழக்கம்போல் திராட்சைச் சாராயமும் சேர்த்தாயிற்று. இனி எந்தக் கிருமி பிழைக்கும்? தாத்தா காலத்தில் தொட்டியில் எலியே விழவில்லையா?

தைல வாடை இருந்தது உண்மைதான். அதனால், நான் பிறந்த அன்று அப்பா எனக்காக ஒதுக்கிவைத்த பீப்பாயிலிருந்து பாதியை எடுத்து அதில் கலக்கச் செஃபெரினோவிடம் சொன்னேன். என்னுடையதுதானே அது? இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சனிக்கிழமை லாரி வரும். கிடங்குச் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் துவார்த்தே

ஃப்ரேஷால் தோட்டம்
12 அக்டோபர் 1998

துவார்த்தேக்கு,

லாரி காலியாகத் திரும்பியது. கலந்த ஒயின் முழுவதையும் சரிவில் திறந்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பன்றிகள் குடித்துவிட்டு வேலியோரம் உருண்டு கிடக்கின்றன. “பன்னிங்களுக்கு மட்டும் பிடிச்சிருக்கும்மா,” என்றாள் செஃபெரினோவின் மனைவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எலி விழுந்தது நிஜம். உன் தாத்தா அன்றே எல்லாவற்றையும் கொட்டி, கல்லைத் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்தார். இதையும் சேர்த்துத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்கு எலி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பிளாஸ்திரியை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். அது யாரோ முன்பின் தெரியாதவனுடையது. நீ அதை மறைக்க அப்பாவின் ஒயினை ஊற்றினாய். கறையை உள்ளே வைத்து மடித்த துணியை, நான் சிறுவயதில் படித்த கன்னியர் மடத்தில் எங்கள் முகத்திலேயே எறிவார்கள்.

அந்தப் பீப்பாயில் உன் அப்பா சுண்ணக்கட்டியால் எழுதி, ஈஸ்டர்தோறும் நான் புதுப்பித்து வந்த உன் பெயரை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். ஒரே இழுப்பில் போய்விட்டது. பீப்பாயில் மீதியுள்ள பாதி ஒயின் பூட்டியிருக்கிறது.

அடுத்த அறுவடைக்கு வருவதானால் வா. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மற்றவர்களோடு வரிசையில் நில். பாதத்தைக் காட்டு. உள்ளே விடலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

லியோகாடியா