தடுமாறும் நடை

1912 ஏப்ரல் 16, செவ்வாய்.

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் போதகர் என்னைத் தனியே அழைத்து, "வாத்தியாரே, நீர் சாராயம் குடிக்கீரா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். வெயில் ஏறினால் கால் மரத்துப்போய் நடை தடுமாறுகிறது, சில சமயம் நாக்கும் குழறுகிறது, இரண்டு வருஷமாக வருவதும் போவதுமாக இருக்கிற நோய் என்றேன். டாக்டர் சொன்னபடி விடியற்காலையில் ஆற்றங்கரை வரை நடந்து குளிர்ந்த தண்ணீரில் முங்குவதையும், பாலும் முட்டையும் தவறாமல் சாப்பிடுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நம்பினாரா, தெரியவில்லை.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"அதை விடும். உம்ம மேல உள்ள அக்கறையிலதான் சொன்னாவ."

மூன்றாம் வகுப்பு வாத்தியாராகத்தான் இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். நேற்று நான் சுவரைப் பிடித்து நடந்ததைப் பார்த்தவர் அவர். என் வேலை அவர் மைத்துனனுக்குக் கிடைக்காதா என்ற எண்ணமும் உண்டு.

வீட்டுக்கு வந்து மனைவி எஸ்தரிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"அந்த வாத்தியார ஏசாதிய. நாந்தான் போதகர் ஐயாகிட்ட கேக்கச் சொன்னேன். விடியக்காலம் ஆத்துக்குன்னு தனியாப் போறிய. வெயிலேறித் திரும்பி வரும்போது கால் தடுமாறுது. நான் என்னன்னு நினைக்க?"

நாளைக்கு நீயும் கூட வா என்றேன். சொல்லி முடிப்பதற்குள் நாக்குக் குழறிவிட்டது. அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். என் வாயை முகர்ந்து பார்க்கிறாள் என்பது சற்றுக் கழித்துத்தான் புரிந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.