நீ எழுந்துபோன இடம்

ரஹீம் பாய் கொண்டுவந்து வைத்த பெட்டி மேசைமேல் இருந்தது. மூடியைக் கழற்றியதும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாடை அறை முழுக்கப் பரவியது. திராட்சைக்கு மருந்தடித்த கையோடு கழற்றி எடுத்து வந்திருந்தார். இதே வாடை உன் துப்பட்டாவில், உன் பையில், உன் மடிக்கணினியின் விசைகளுக்கு நடுவில் எப்போதும் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் நிரல் எழுத உட்காருவாய். நான் முகம் சுளிப்பேன். அன்று அந்த மூடியைத் திரும்பப் போட எனக்கு மனம் வரவில்லை.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. படிக்க ஆளில்லாத கடிதம் எதற்கு என்று நானே பலரைக் கேட்டிருக்கிறேன். ஆனால் போன மாதம் நடந்ததை ஒரு வரி விடாமல் புரிந்துகொள்ளக்கூடியவள் நீ ஒருத்திதான்.

நீ போனதே எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. "பஸ் ஏறிட்டேன்டி, காபியப் போடு" என்றாய். தேனி ஆஸ்பத்திரியிலிருந்து உன் அண்ணன் கூப்பிட்டபோது டிகாஷன் இறங்கி ஆறிப்போயிருந்தது. ராயப்பன்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஆண்டவர் சித்தம் என்றார்கள். நானோ, நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தைகூட நீ என்னிடம் சொன்னதில்லையே என்பதிலேயே நின்றுகொண்டிருந்தேன். அங்கேதான் நிற்கிறேன் இன்னமும்.

ரஹீம் பாய் விஷயத்துக்கு வருகிறேன். சுருளிப்பட்டிப் பக்கம் அவருடைய பன்னீர்த் திராட்சைத் தோட்டத்தில் நாம் வைத்த பெட்டி பல வருடமாக ஒழுங்காக ஓடியது. மண்ணில் புதைத்த சென்சார் ஈரத்தைச் சொல்லும், பெட்டி வால்வைத் திறந்து மூடும், சொட்டுநீர் போகும். உள்ளே ஒரு சின்ன போர்டு, அதில் லினக்ஸ் இயங்குதளம். அதன் கருவான கர்னலில் சென்சாரோடு பேசும் பகுதி உன்னுடையது. திரையும் குறுஞ்செய்தியும் என்னுடையவை.

பழம் நிறம் மாறுகிற நேரம். திறந்த வால்வை மூடாமல் பெட்டி அப்படியே உறைந்துவிட்டது. பகல் முழுக்கத் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. பழுக்கிற நேரத்தில் வேர் அளவுக்கு மேல் குடித்தால் பழம் வெடிக்கும் என்று எனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வெடித்த பழத்தைக் குமுளிச் சந்தையில் ஒருவரும் தொடமாட்டார்கள்.

"அந்தம்மா இருந்தாக, பொட்டியும் ஒழுங்கா இருந்துச்சு. அவுக போனாக, இதுவும் போச்சு" என்றார் பாய். "பள்ளத்து வரிசையில வெடிப்பு விழுந்திருச்சும்மா. இன்னொரு தடவ இப்பிடி நின்னுச்சுன்னா மிச்சமும் போயிரும். நீங்க பாக்க முடியும்னா பாருங்க. இல்லாட்டி கழட்டி எறிஞ்சுட்டுக் கையாலயே தெறந்துக்கிறேன்."

"சென்சார்ல கோளாறா இருக்கும் பாய்."

"அவுக வச்ச சென்சாரா?"

"வயர்ல இருக்கும்."

"அவுக இழுத்த வயரு."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. உன் பகுதியில் தவறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாருடைய நிரலில் மற்றவள் பிழை கண்டுபிடித்தாலும் அன்று முழுக்க அதைச் சொல்லிக் கேலி செய்யலாம் என்று நமக்குள் ஓர் ஏற்பாடு இருந்ததே. அதில் பேச்சு வாங்கியவள் எப்போதும் நான்தான்.

பெட்டியை இங்கே வைத்து ஓடவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. சென்சார் வயரைக் கழற்றி, திரும்ப மாட்டினேன். உறைந்துவிட்டது. விழுவதற்கு முன் கர்னல் கடைசியாக எந்த முகவரியில் நின்றது என்பதைத் திரையில் கொட்டியிருந்தது. அந்த முகவரியைப் பார்த்ததும் இருக்காது என்று சொல்லி ஒதுக்கிவிட்டேன். அது தொடக்க நிரல் வைக்கிற பகுதிக்குள் இருந்த முகவரி.

இந்தப் போர்டு வாங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? விலை குறைச்சல், நினைவகமும் குறைச்சல். இதில் எப்படி எல்லாம் அடங்கும் என்று நான் கேட்டேன். அடங்கும்படி எழுதினால் அடங்கும் என்றாய். கர்னல் எழும்போது நினைவகத்தைப் பங்கிட முறையான ஏற்பாடு எதுவும் இருக்காது. எங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து, ஆரம்பத் தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கித் தரும் தற்காலிக ஏற்பாடு ஒன்றுதான் இருக்கும். நிரந்தர ஏற்பாடு தயாரானதும் அது மிச்ச இடத்தை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதேபோல, ஓடத் தொடங்குவதற்கு மட்டும் தேவையான நிரல்களுக்கு ஓர் அடையாளம் போட்டுவிட்டால் அவையெல்லாம் நினைவகத்தில் ஒரே பகுதியில் போய் உட்காரும். வேலை முடிந்ததும் அந்தப் பகுதியை மொத்தமாக விடுவித்துவிடுவார்கள். பயன்படாத நினைவகம் விடுவிக்கப்பட்டது என்று திரையில் ஒரு வரி ஓடும். அதன்பிறகு அந்த இடத்தை யார் கேட்டாலும் கர்னல் கொடுக்கும்.

"கல்யாணப் பந்தி மாதிரிடி" என்றாய் அன்று. "சாப்ட்டு முடிச்சவுக எந்திரிச்சிரணும். உக்காந்து கத பேசுனா, பின்னால நிக்கிறவுக எங்கன உக்காருவாக?"

"எந்திரிச்சுப் போனவுகளத் தேடி யாராச்சும் வந்தா?"

"வரக் கூடாது. வந்தா அங்கன வேற ஆளு உக்காந்து தின்னுக்கிட்டு இருப்பாரு. இவரு பேசுறது அவருக்குப் புரியாது, அவரு முழிக்கிறது இவருக்குப் புரியாது. அப்பிடியே உறஞ்சு நிக்க வேண்டியதுதான்."

அதைச் சொல்லிக் காட்டிச் சொல்லிக் காட்டிச் சிரித்தவளே போய் அப்படி எழுதியிருப்பாயா? நான் நம்பவில்லை. நம்பாத எரிச்சலில், உன்னைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்று போனை எடுத்து உன் எண்ணை அழுத்திவிட்டேன். மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. வைப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ, யாரு?" ஓர் ஆண்குரல். பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

துண்டிக்கும் பொத்தானைத் தேடினேன்.

"யாருங்க வேணும்?"

உன் பெயரைச் சொன்னேன்.

"அப்பிடி யாரும் இங்கன இல்லயே. இது மயிலாடும்பாற. நா சிம்மு புதுசா வாங்குனவன். அடிக்கடி யாராச்சும் அவுகளக் கேட்டுத்தான் போன் பண்றாக. நம்பர மாத்திட்டாகளாக்கும்?"

"ஆமா."

"புது நம்பரு இருந்தா எனக்கும் குடுங்க. கேக்குறவுகளுக்குச் சொல்லிவிடலாம்ல."

போனை வைத்துவிட்டு, அழுத்திய எண்ணை மறுபடி பார்த்தேன்.   எண் அதேதான், ஓர் இலக்கம் மாறவில்லை. அழைத்தால் மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், பேசுகிறார்கள். நீ இல்லை. நீ இருந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அவர் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

அதன்பிறகுதான் நான் ஒதுக்கிவைத்த முகவரிக்குத் திரும்பிப் போனேன். சென்சாரை முதன்முதலில் தயார்செய்யும் உன் நிரலுக்கு, தொடக்கத்தோடு போய்விடும் அடையாளம் போட்டிருந்தாய். வயரைக் கழற்றி மாட்டினால் ஓடும் இன்னொரு நிரல் அதே நிரலைக் கூப்பிடுகிறது. கூப்பிட்ட நேரத்தில் அது அங்கே இல்லை. அந்த இடத்தில் என்னுடைய குறுஞ்செய்தி வரிசை உட்கார்ந்திருந்தது.

அதைவிடப் பெரிய அடி அடுத்ததுதான். இப்படி எழுதினால் நிரலைத் தொகுத்துக் கர்னலைக் கட்டும்போதே எச்சரிக்கை வரும். தெரிந்துதான் செய்கிறேன் என்று சொல்வதற்கும் ஓர் அடையாளம் உண்டு, போட்டால் எச்சரிக்கை வாயை மூடிக்கொள்ளும். அந்த அடையாளமும் அங்கே இருந்தது. ஆக, நீ மறக்கவில்லை. பார்த்திருக்கிறாய், வேண்டுமென்றே விட்டிருக்கிறாய். உன்னை இத்தனை வருடம் தெரியும் என்று நினைத்திருந்த எனக்கு அந்த வரியின் முன்னால் உன்னைத் தெரியவில்லை.

இரண்டு அடையாளங்களையும் நீக்கினேன். சென்சார் நிரல் இனி பெட்டி ஓடும்வரை நினைவகத்திலேயே இருக்கும். கொஞ்சம் இடம் போகும், போகட்டும். மறுநாள் காலை பெட்டியை எடுத்துக்கொண்டு சுருளிப்பட்டிக்குப் போனேன். நான் அங்கே அதிகம் போனதில்லை. தோட்டங்கள் உன் பொறுப்பாகவே இருந்தன.

பள்ளத்து வரிசையில் குலைகள் வெடித்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. மேட்டு வரிசைகள் தப்பியிருந்தன. பாய் பெட்டியை மாட்டினார். அது எழுந்து ஓடத் தொடங்கியதும் சென்சார் வயரைப் பிடுங்கினார், மாட்டினார். மறுபடி பிடுங்கினார், மாட்டினார். பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. வால்வு திறந்தது, மூடியது.

"என்னம்மா கோளாறு?"

"நிரல்ல."

"யாரு எழுதுனது?"

மழுப்பியிருக்கலாம். எனக்கு வராது. "அவதான் பாய். அவ தப்புதான்."

அவர் கையிலிருந்த வயரைக் கீழே விட்டார். "போய்ச் சேந்தவுகமேல போடுறீகளே. நல்லாருக்காம்மா? எந்த வெயில்லயும் இங்கன வந்து நின்னவுக அவுக. ஒரு நா சொன்னாக, ரஹீம் பாய், ஒங்களுக்குக் கரண்டுதான் கடிகாரம், த்ரீ ஃபேஸ் வந்தா தண்ணி, போனா மருந்து, அத வச்சுத்தான் எழுதுறேன்னு. எங்க நேரத்த எங்களவிட அவுகளுக்குத் தெரியும். அவுக தப்புப் பண்ணுவாகளா?"

அவர் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. கரண்ட் இருக்கும்போது யாரும் வயரைக் கழற்றுவதில்லை. கரண்ட் போனதும் பெட்டி அணையும். ஸ்ப்ரேயர் குழாயில் சிக்காமல் இருக்க அப்போதுதான் வயரைச் சுருட்டி வைத்துவிட்டு மருந்தடிப்பார்கள். கரண்ட் வருவதற்குள் மாட்டிவிடுவார்கள். பெட்டி புதிதாக எழும், சென்சாரைப் புதிதாகத் தயார்செய்யும். இந்தப் பள்ளத்தாக்கில் நம் பெட்டி ஒருநாள்கூட முழுதாக விழித்திருந்ததில்லை. அதனால்தான் நீ அந்த எச்சரிக்கையின் வாயை மூடினாய். நான் நிமிர்ந்து பார்த்தேன். பம்ப் ஷெட் கூரையில் புதுத் தகடுகள் மின்னின.

"சோலார் எப்பப் போட்டீக பாய்?"

"இந்தச் சித்திரையிலம்மா. பேட்டரியும் வச்சிருக்கு. இப்பப் பொட்டி அணையறதே இல்ல."

சித்திரை. நீ தையில் போய்விட்டாய்.

நீ இருந்தவரைக்கும் அந்த வரி சரியாக இருந்தது. நீ போன பிறகு, விழித்திருக்கும் பெட்டியிலேயே வயரைக் கழற்றி மாட்டத் தொடங்கியதும் தவறாக மாறியது. பாயிடம், "நான் சொன்னது தப்பு பாய். அவ சரியாத்தான் எழுதியிருக்கா. நீங்க மாறுனது அவளுக்குத் தெரியல" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தகடுகளை நிமிர்ந்து பார்த்தார். "மாட்டுன அன்னைக்கு அவுகட்டச் சொல்லணும்னு போன எடுத்தேன். எடுத்துட்டு, வச்சுட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க பேச மாட்டீகளேம்மா" என்றார், குறையாக அல்ல, மழை வரும் என்பதுபோல.

திரும்பிவந்து மயிலாடும்பாறைக்காரரைக் கூப்பிட்டேன். என் எண்ணைக் கொடுத்து, உன்னைக் கேட்டு யார் பேசினாலும் இதைத் தரும்படி சொன்னேன். "அவுக புது நம்பரா?" என்றார். இல்லை, அவள் இறந்துவிட்டாள் என்றேன். அந்த வாக்கியத்தை நான் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் ஆடுகள் மட்டும் கத்தின. பிறகு அவர், "குடுக்குறேன் தாயி" என்றார்.

உன்னிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால் இந்த அழைப்புகள்தான். உத்தமபாளையத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் வருகின்றன. சிலர் செய்தி கேட்டு அழுகிறார்கள்.  பலர் பெட்டியைப் பற்றி ஒன்றுமே கேட்பதில்லை. மோட்டாரை மாற்றியது, கிணறு வற்றியது, மகன் தனியாகப் போனது என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். உன்னிடம் இதையெல்லாம் சொல்லித்தான் பழக்கமாம். நீ இவ்வளவு கேட்டுக்கொண்டிருந்தாய் என்பதே எனக்குத் தெரியாது.

நேற்று ஒருவர் திராட்சைக் கொடியை எல்லாம் எடுத்துவிட்டு வாழை வைத்திருப்பதாகச் சொன்னார். "சொல்லணும்ல, அதான்" என்றார்.  வாழைக்கு எத்தனை நாளைக்கு ஒருதரம் தண்ணீர் விடுவீர்கள் என்று கேட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார்.